ஒரு வீடியோவுக்கு ஐந்து வெள்ளி

போன மாதம் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும், நான் முன்பு வீடியோ போட்டவன் என்று கேள்விப்பட்டு, என்னைத் தேடி வந்தார்கள். சமையல் வீடியோ போடுகிறவர்கள். பார்க்கிறவர்கள் கூடிவிட்டார்களாம், இனி விருப்பப்பட்டவர்களிடம் காசு வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதை மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதா, வீடியோ ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குவதா என்பதில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. காரில் வரும்போதே சண்டை போட்டிருப்பார்கள் போல. உட்கார்ந்ததும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"மாசத்துக்கு வாங்குங்க," என்றேன்.

"ஏண்ணே? வீடியோவுக்கு இவ்ளோன்னா ஞாயமா இருக்கும் லா. வேலை செஞ்சா காசு, செய்யலன்னா இல்ல," என்றாள் அந்தப் பெண்.

நான் எழுந்து போய் தே கலக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். தெரிந்ததைச் சொல்ல மனம் வராத ஆள் என்று வழியெல்லாம் பேசியிருப்பார்கள். பேசட்டும். அந்தப் பெண் சொன்ன அதே வார்த்தையை அதே நாற்காலியில் உட்கார்ந்து என் அக்கா சொன்னாள் என்பதை முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிச் சொல்வது? எழுதிப் பார்க்கிறேன்.

அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு, அது இரண்டே வருடத்தில் முறிந்து, பெட்டியோடு அவள் வீட்டுக்கே திரும்பி வந்தவன். கோல சிலாங்கூரில் ஒரு தாமான் குடியிருப்பில் மூலை வீட்டுக்கு அடுத்த வீடு. எனக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடை வேலை. குலை ஏற்றி வரும் லோரியை நிறுத்தி, எடை பார்த்து, சீட்டுக் கொடுத்து அனுப்ப வேண்டும். அக்கா ஒரு வக்கீல் ஆபிஸில் இருபத்து மூன்று வருடம் பாரம் நிரப்பினாள். பிறப்புப் பத்திரத்துக்கு ஒரு பாரம், தொலைந்த அடையாள அட்டைக்கு, அதாவது ஐசிக்கு, ஒரு பாரம், செத்தவர் பேரில் இருக்கும் வீட்டை மாற்ற ஏழு பாரம். எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் கவுண்டரில் திருப்பி அனுப்புவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

சிறுநீரகம் இரண்டும் போனபோது ஆபிஸில் கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள். வாரத்துக்கு மூன்று காலை டயாலிசிஸ். மற்ற நாட்களில் தோட்டத்து ஜனங்கள் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்கள். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்பார்கள். பத்துப் பேருக்கும் முதலில் இருந்து சொல்வாள். அதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான், இதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டால் வீட்டில் கொஞ்சம் அமைதி இருக்குமே என்றேன். சேவை செய்கிற நோக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அக்கா பேசுவாள், நான் எடுப்பேன். சாப்பாட்டு மேசைமேல் பாரம், அவள் கையில் நீலப் பேனா. படம் எடுக்கும்போது காற்றாடியை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் சத்தம்தான் கேட்கும். வெயில் நேரத்தில் எங்கள் வீட்டுக் கூடம் வெந்து போகும். டயாலிசிஸ் செய்கிறவர்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு போத்தலில் கோடு போட்டு வைத்திருந்தாள். பேசிப் பேசித் தொண்டை வறண்டால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்வாள். சில இடங்களில் அது பல்லில் மோதும் சத்தம் பதிவாகிவிடும். அதையெல்லாம் தேடி வெட்டுவது என் வேலை.

ஒரு வருடம் சும்மாதான் போட்டோம். பிறகு ஊசிச் செலவு ஏறியது. ரத்தம் ஊற ஒரு ஊசி, வேறு எதற்கோ ஒரு ஊசி. போகவர வாடகைக் கார். என் சம்பளம் வீட்டுக்கே இழுபறி. ஆதரவாளர்களிடம் காசு வாங்கித் தரும் ஒரு வெளிநாட்டுத் தளத்தைப் பற்றி ஆலையில் ஒருவன் சொன்னான். அதில் இரண்டு வழி இருந்தது. மாதாமாதம் ஒரு தொகை பிடிப்பது ஒன்று. நாம் வீடியோ போடும்போது மட்டும் தானாகப் பிடிப்பது இன்னொன்று.

"மாசத்துக்கு இவ்ளோன்னு வச்சிடுவோம்கா. ஒடம்பு முடியலன்னா ஒரு வாரம் போடாம இருந்துக்கலாம்," என்றேன்.

"போடாத வாரத்துக்கு எதுக்குடா காசு? அம்மா மழ நாள்ல பேர் போட்டு கூலி வாங்குனாங்களா?"

"அததான் நானும் சொல்றேன். மழ பேஞ்சா அம்மாவுக்கு வேல இல்ல, நமக்கு வெறுங்கஞ்சி. ஆபிஸ் கிராணி வீட்ல மழ நாள்லயும் கோழிக் கொழம்பு வாசம் வந்துச்சு. அவருக்கு மாசச் சம்பளம்."

"நான் கிராணி மவ இல்ல. பால் வெட்டுன வீட்டுப் பொண்ணு. வேலைய பாத்துட்டுத்தான் கைய நீட்டுவேன்."

அதற்குமேல் அவளிடம் பேச முடியாது. எங்கள் அம்மா விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் போய் நின்று, வேலை வாங்கும் மண்டோர் பேர் கூப்பிட்டபின் மரத்துக்குப் போய், அன்றைக்கு ரப்பர்ப் பால் எடுத்தால்தான் அன்றைக்குக் கூலி என்று வாழ்ந்தவர். மழை நாளில் வாசலில் உட்கார்ந்து வானத்தைத் திட்டுவார். அந்தத் திட்டு எனக்கு ஞாபகம் இருந்தது. அக்காவுக்கு அம்மாவின் ரோசம்தான் ஞாபகம் இருந்தது. ஒரே வீட்டில் வளர்ந்தும் இப்படி ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டோம்.

வீடியோவுக்கு ஐந்து வெள்ளி என்று வைத்தோம். இரண்டு வாரம் ஒரு ஆள்கூடச் சேரவில்லை. கைதட்டவும் பூப்படம் போடவும் ஆயிரம் பேர் வருவார்கள், ஐந்து வெள்ளி என்றால் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று நான் கத்தினேன். இதோடு இதை இழுத்து மூடிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை பாதி போகிறது என்றேன். அக்கா போத்தலில் கோட்டைப் பார்த்து ஒரு மடக்குக் குடித்தாள்.

மூன்றாவது வாரம் முதல் ஆதரவாளர் வந்தார். பெயர் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்திப் படம். இந்த நாட்டில் பாதிப் பேர் அந்தப் படத்தைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு ஜெராமில் மீன் லோரி ஓட்டும் ஒருவருடைய மனைவி சேர்ந்தார். அவருடைய மகனுக்கு அக்காவின் வீடியோவைப் பார்த்துத்தான் ஐசி கிடைத்ததாம். ஒருவரைப் பார்த்து ஒருவராக அறுபத்தோரு பேர் ஆனார்கள். முக்கால்வாசிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்துகொண்டு, அப்பா அம்மா பாரத்துக்கு அலையக் கூடாதே என்று கொடுத்தவர்கள்.

கொடுத்தவர்களில் ஒரு டாக்டரம்மா இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். விசாரித்துப் பார்த்தால், நாங்கள் பிறந்த தோட்டத்துக் கிராணியின் மகள். அவர் அக்காவுக்கு ஒருநாள் எழுதினார்: "தங்கை, நீங்கள் காணொளி போட்டாலும் போடாவிட்டாலும் மாதம் ஐம்பது வெள்ளி தர விரும்புகிறேன். இந்த நோயில் ஓய்வும் ஒரு மருந்துதான். தயவுசெய்து மறுக்க வேண்டாம்."

அக்கா அதை இரண்டு தடவை வாசித்தாள். "அவங்கப்பா அம்மாவோட பால எட போட்டவரு. இப்ப மவ எனக்கு மாசச் சம்பளம் போடுறாங்களாக்கும்," என்று சிரித்தாள். கோபமாகச் சிரித்தாளா, உண்மையாகவே சிரித்தாளா என்று தெரியவில்லை. மரியாதையாகத்தான் பதில் எழுதினாள்: வேலை செய்கிறபோது மட்டும் கொடுங்கள் டாக்டரம்மா, நன்றி.

எனக்கு எரிச்சல் வந்தது. அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன்: வேலைக்குத்தான் கூலி என்பது கேட்க நன்றாக இருக்கும், படுத்தால் காசு நின்றுவிடும் என்பதும் அதே கணக்குதான். வீடியோவுக்குக் காசு வாங்குகிறவன் காய்ச்சலிலும் எழுந்து உட்கார வேண்டும். பார்க்கிறவர்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை. நாமே நமக்கு மண்டோராகிவிடுகிறோம். தளத்தின் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தி மாதக் கட்டணத்துக்கு மாற்றியிருக்கலாம். திட்டியிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள், பிறகு பழகியிருப்பாள். நான் மாற்றவில்லை. அவளுக்குப் பயந்து என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், ஒவ்வொரு வீடியோவுக்கும் தொகை விழும்போது எனக்கும் ஒரு ருசி ஏற்பட்டுவிட்டது.

அந்த ருசியில் ஒரு வேலை செய்தேன். பிறப்பைத் தாமதமாகப் பதிவது பற்றி அக்கா ஒரு வீடியோ பேசினாள். கொஞ்சம் நீளம். ஒன்றாகவே போட்டிருக்கலாம். நான் அதைப் பாதியில் வெட்டி, முதல் பாகம் என்று போட்டுவிட்டேன். இரண்டு பாகம் என்றால் இரண்டு தடவை ஐந்து வெள்ளி. அக்காவுக்குத் தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"ஏமாத்துறியா? மிச்சத்த அப்படியே போடக் கூடாது. ரெண்டாவதுக்கும் காசு வாங்குனா அதுக்கும் நான் ஒழைக்கணும். சாட்சிக்காரங்க எழுத வேண்டிய பாரத்தையும் சேத்துச் சொல்றேன். அப்பறம் போடு," என்றாள்.

அந்த இரண்டாம் பாகம் தள்ளிக்கொண்டே போனது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. மூன்று வாரம் ஒன்றும் போடவில்லை. காசும் வரவில்லை. அப்போதெல்லாம் நான் அவளை எழுப்பப் பயன்படுத்திய ஒரு வித்தை இருந்தது. அறுபத்தோரு பேரில் எங்கள் வீடியோவுக்கு முதல் ஆளாக வருவது அந்தச் செம்பருத்திதான். போட்ட அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு ஒரு கும்பிடும் போட்டுவிடும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதனால் அக்கா சோர்ந்து படுத்தாலே, "செம்பருத்தி காத்துக்கிட்டு இருக்கும்கா, எழுந்திரு" என்பேன். அவள் வாய்க்குள் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பாள். வேலை செய்கிற வித்தை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. டயாலிசிஸ் முடித்து வந்து படுத்தவள், கை காட்டி, இன்றைக்கு வேண்டாம் என்றாள். எனக்கு அடுத்த நாளிலிருந்து, ஞாயிறும் சேர்த்து, ஆலையில் பகல் வேலை. இன்றைக்கு விட்டால் ஒரு வாரம் ஆகும். அந்த வார ஊசிக்கு யாரிடம் கேட்பது என்று வேறு ஒரு கவலை.

"செம்பருத்தி என்னா நெனைக்கும்? ரெண்டாம் பாகம்னு சொல்லிட்டு ஓடிட்டாங்கன்னு நெனைக்காது?" என்றேன்.

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தது போல் இருந்தது. பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, முகம் கழுவி, பவுடர் போட்டு, கையில் ஊசி குத்திய கட்டு தெரியாமல் நீளக் கை சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். காற்றாடியை அணைத்தேன். பதினோரு நிமிடம் பேசினாள். ஆறு ஐஸ் கட்டி. சாட்சி கையெழுத்து எங்கே வரும் என்று காட்டும்போது பேனா கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. அதை வெட்டிவிட்டு அன்று சாயங்காலமே போட்டேன். செம்பருத்தி கும்பிடு போட்டது, ஆனால் கொஞ்சம் தாமதமாக. நான் அதைக்கூட அக்காவிடம் சொல்லிக் கேலி செய்தேன்.

சனிக்கிழமை காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

வீட்டின் முன்னால் கூடாரம் போட்டார்கள். நீல நாற்காலிகள் வந்தன. எங்கள் ஜனங்களிடம், துக்கத்தைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது ஒரு கட்டாயம். காதுவழி கேட்டு வருவது வேறு, சொல்லி வருவது வேறு. சொல்லாமல் விட்ட வீட்டார் பத்து வருடம் கழித்தும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்து முடித்தபின், அந்த அறுபத்தோரு பேர் ஞாபகம் வந்தார்கள். அவள் குரலை வாராவாரம் கேட்டவர்கள். அவர்களுக்கும் நாம்தானே சொல்ல வேண்டும்? கூடாரத்தையும் வாசலில் கிடந்த செருப்புகளையும் நாற்பது வினாடி எடுத்து, அக்கா தவறிவிட்டார், நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறோம் என்று பேசிப் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை அந்தத் தளத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். பாராட்டுகிறார்கள். உங்கள் புதிய வீடியோவுக்கு அறுபத்தோரு ஆதரவாளர்களிடமிருந்தும் கட்டணம் பெறப்பட்டது. நான் அதை அடுப்படியில் நின்றபடியே வாசித்தேன். வீடியோ போடும்போது, இது காசுக்கா இலவசமா என்று ஒரு கட்டம் கேட்கும். மறந்து இலவசமாகப் போட்டுவிடக் கூடாதே என்று, எப்போதும் காசுக்குத்தான் என்று நானே முன்கூட்டியே வைத்திருந்தேன். அக்காவின் சாவைச் சொல்லி ஆளுக்கு ஐந்து வெள்ளி பிடித்திருக்கிறேன். ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது இன்னும் கேவலமாக இருந்தது. சிலர் கூடுதலாக இருபது, ஐம்பது என்றும் போட்டிருந்தார்கள்.

உடனே திருப்பிக் கொடுக்க உட்கார்ந்தேன். மொத்தமாக அனுப்ப வழியில்லை. ஒவ்வொரு பெயராகத் திறந்து பொத்தானை அழுத்த வேண்டும். பட்டியல் சேர்ந்த வரிசையில் இருந்தது. முதலில் செம்பருத்தி. அழுத்தினேன். அலமாரிமேல் சார்ஜில் கிடந்த அக்காவின் போன் கிணிங் என்றது. மூன்று நாளாக அது அப்படித்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, யாராவது அனுதாபம் அனுப்புவார்கள். அடுத்த பெயரைத் திறந்தேன். முப்பது பேருக்குமேல் அனுப்பியிருப்பேன், என் போன் அடித்தது. ஜெராம் லோரிக்காரர் மனைவி.

"தம்பி, எங்க காசு திரும்பி வந்திருக்கே?"

"ஆமாங்கா. தப்பா புடிச்சிட்டேன். அது வீடியோவே இல்ல. தெரியாம நடந்து போச்சி. மன்னிச்சிக்குங்க."

"என்னா தப்பு? ஒங்க வீட்ல சாவு. எல்லார் வீட்லயும் அஞ்சு வெள்ளி எடுத்தீங்க. தோட்டத்துல புத்தகத்த தூக்கிக்கிட்டு வருவாங்கல்ல, அந்த மாரின்னுதான் நாங்க நெனச்சோம். எங்க வீட்டுக்காரரு, பரவால்ல இந்தக் காலத்துப் பையன் வழக்கத்த மறக்கலன்னு சொன்னாரு."

சொல்லிக்கொண்டே வந்தவர் குரல் மாறியது.

"சாவுக் காச எப்பப்பா திருப்பிக் குடுப்பாங்க? குடுத்தவங்க வீட்ல ஒண்ணு நடந்தாத்தானே? எங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்? எங்க வீட்டுக்காரரு ரோட்ல லோரி ஓட்டுறாரு. காலங்காத்தால சாவு வீட்டுக் காசு போன்ல வந்து விழுந்தா எனக்கு எப்படி இருக்கும்?"

அவர் சொன்னது எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. தோட்டத்து லயத்து வீடுகளில் யார் இறந்தாலும் கோயில் கமிட்டிக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவார். எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. அது திரும்பிப் போகும் வழி ஒன்றே ஒன்றுதான். அம்மா செத்தபோது வந்த காசை, அந்தந்த வீட்டில் சாவு விழும்போது அக்காதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான்தான் அவளைப் பின்னால் உட்கார வைத்து மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எல்லாம் தெரிந்தும், திரையில் பார்த்தபோது எனக்கு அது கட்டணமாகத் தெரிந்தது. அவர்களுக்கு அது சாவுக் காசாகத் தெரிந்தது. முப்பது வீட்டுக்கு, யாரும் சாகாத முப்பது வீட்டுக்கு, நான் சாவுக் காசு அனுப்பியிருக்கிறேன். மிச்சப் பேருக்கு அனுப்பாமல் நிறுத்தினேன். அனுப்பியதை மறுபடி பிடிக்க வழி இல்லை.

அடுத்த சில நாட்களில் ஆதரவாளர்கள் விலக ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு நாளும் ஐந்தாறு பேர். யாரும் காரணம் எழுதவில்லை, வருகிறேன் என்று சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் முறைப்படிதான் போனார்கள். நான்தான் தினமும் காலையில் எழுந்து மிச்சப் பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா மட்டும் இருந்தார். மாதம் ஐம்பது வெள்ளியை இனி எங்கே அனுப்புவது என்று கேட்டு எழுதியிருந்தார். அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, அக்காவின் போன் இணைப்பைத் துண்டிக்க வேண்டுமே என்று அதைத் திறந்தேன். கடவு எண் அம்மாவின் ஐசியில் கடைசி நாலு எண். அதுவரை நான் அவள் போனைத் தொட்டதில்லை. அனுதாபச் செய்திகளுக்கெல்லாம் கீழே அந்தத் தளத்தின் அறிவிப்பு ஒன்று இருந்தது. உங்களுக்கு ஐந்து வெள்ளி திருப்பி அனுப்பப்பட்டுள்ளது. எனக்கு விளங்கவில்லை. உள்ளே போனேன். மேல் மூலையில் செம்பருத்திப் படம்.

கீழே இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஐந்து வெள்ளி, சேர்ந்த நாளிலிருந்து. இழுத்து மூடிவிடலாம் என்று நான் கத்தினேனே, அதற்கு மறுநாள் சேர்ந்திருக்கிறாள். பாரம் நிரப்பத் தெரிந்தவளுக்கு அது என்ன பெரிய காரியம்? தம்பி மனம் விட்டுவிடக் கூடாது என்றுதான் செய்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவளைக் கேட்க முடியாது. அவள் காசு வெளிநாட்டுக்குப் போய், தளத்துக்காரன் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதி அவளுக்கே ஊசியாக வந்திருக்கிறது. அந்தச் செம்பருத்தி காத்திருக்கிறது என்று சொல்லித்தான் நான் அவளை ஒவ்வொரு தடவையும் எழுப்பினேன். அந்தச் செவ்வாய்க்கிழமையும் எழுப்பினேன். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாளே, அப்போது சொல்லியிருக்கலாம். காத்துக்கிட்டு இருக்கறது நான்தான்டா, எனக்குத் தூக்கம் வருது, விடுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கடைசி இரண்டு வரி அக்கா போன பிறகு வந்தவை. அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நான் போட்ட நாற்பது வினாடிக்கு, அவள் கணக்கிலிருந்தும் ஐந்து வெள்ளி போயிருக்கிறது. எல்லா வீட்டையும் போல அவளும் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் காலை நான் முதலில் அழுத்திய பொத்தானில் அது திரும்பி வந்திருக்கிறது. அன்றைக்கு நான் அனுப்பிய முப்பது சொச்சத்தில், அது ஒன்றுதான் சாவு விழுந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது.